பிரீனா கொடுத்த கிட்னியும் ஊர் கொடுத்த கஷாயமும்

புருஷன் பெனிஷுக்குக் கிட்னி கொடுத்த பிரீனாவுக்கு இனயம் ஊர் திருப்பிக் கொடுத்தது ஒரு பட்டம்: வாயாடி. சந்தையில் சத்தம் போடாமல் சூரை மீன் விற்றுக்கொண்டிருந்தவள்தான். கிட்னி கொடுத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. அதைக் கெடுக்க ஊரே அன்போடு கிளம்பியதில்தான் ஆத்திரம்.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியனுப்பினார். பெனிஷின் உடம்புக்கு அது அந்நியக் கிட்னி. எதிர்ப்பு சக்தி எழும்பினால் முதல் அடி அதற்குத்தான். அந்தச் சக்தியை அடக்கிவைக்கவே ஆயுள் முழுக்க மாத்திரை.

ஆனால் கொரோனாவுக்குப் பிறகு ஊரில் எல்லோரும் எதிர்ப்பு சக்தியில் பண்டிதர்கள். நாத்தனார் ஷைஜா துபாயிலிருந்து டப்பா டப்பாவாகச் சத்துப்பொடி அனுப்பினாள். மாமியார் வியாகுலம்மாள் வேலியில் படர்ந்த சீந்தில் கொடியை வெட்டிக் கஷாயம் வைத்து, மருமகள் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து மகனுக்குப் புகட்டினாள். மாத்திரைக்கு முகம் சுளிக்கிற பெனிஷ், கஷாயத்தை மட்டும் சமர்த்தாகக் குடித்தான்.

இந்த மாத ரத்தப் பரிசோதனையில், கிட்னிக்கு எதிரான ஆன்டிபாடி தலைகாட்டிவிட்டது.

"கிட்னி இப்ப வேலை செய்யுது. ஆனா உடம்பு சண்டைக்கு ஆள் சேக்குது. வேற என்ன குடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

பெனிஷ் மின்விசிறியைப் பார்த்தான். மருந்தைக் கூட்டி, அடுத்த மாதம் மறுபடி சோதிக்கலாம் என்று அனுப்பினார்கள்.

வழியிலேயே பெனிஷ் உண்மையைக் கக்க, வீட்டுக்கு வந்ததும் கஷாயப் பானை முற்றத்தில் பறந்தது.

"நான் பெத்த மவனுக்கு நான் வெஷமாட்டி குடுப்பேன்?" என்று மாரில் அடித்துக்கொண்டாள் வியாகுலம்மாள்.

"பெத்தது நீங்கதான் மாமி. ஆனா உள்ள கெடக்கது எனக்க கிட்னி. அதுக்கு தள்ளை நானாக்கும்!"

கிழவி அப்போதைக்கு அடங்கினாள். மேலிடத்தில் மனுப்போட்டிருந்தது ஞாயிறு பூசையில்தான் தெரிந்தது.

"சகோதரர் பெனிஷுக்கு நிறைந்த நோய் எதிர்ப்பு சக்தியை அருளும்படி..." என்று மன்றாட்டை வாசித்தார் ஃபாதர். 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்ல ஊரே வாயைத் திறந்தது.

பிரீனா எழுந்துவிட்டாள்.

"கேக்காண்டாம் ஆண்டவரே! ஃபாதர், நீங்களுமா? அது கூடினா எனக்க கிட்னி போவும். கொறையணும்னு ஜெபியுங்க!"

"ஏட்டி, இரி. மானம் போவுது," மாமியார் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"போனா போட்டு!"

குறைக்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டுப் பழக்கமில்லாத ஃபாதர், இருமிவிட்டு மழைக்கான மன்றாட்டுக்குத் தாவினார்.

மறுநாளிலிருந்து பிரீனா சந்தைக்குப் போகவில்லை. அடுத்த பரிசோதனை முடியும்வரை வியாபாரம் வீட்டு வாசலில்தான். மீன் கூடைக்குப் பின்னால் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறாள். நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்கிறாள்:

"கையில என்னது?"