ஐயோ பட்டன்

கோபமோ வலியோ வந்தால் என் வாயில் வருவது தமிழ் மட்டும்தான். புனேக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. ஆட்டோக்காரரிடம் இந்தி, கொத்தமல்லி விற்கும் அம்மாவிடம் அரைகுறை மராத்தி, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நாக்கு பழகிவிட்டது. ஆனால் கட்டில் முனையில் கால் இடித்துக்கொண்டால் கோயம்புத்தூர் வெளியே வந்துவிடும். அந்தப் பழக்கம்தான் என் வேலையைக் காப்பாற்றியது என்று இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

நான் கைபேசிச் செயலிகளுக்குத் திரை வரைகிறவள். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக, என்ன நிறத்தில் என்பதையெல்லாம் கணினியில் வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்து நிரல் எழுதி உயிர் கொடுப்பவர் என் எதிர் மேசைத் தம்பி. முப்பது வயது, தாடி, ஏரவாடாவில் வீடு. தாத்தா காலத்திலேயே ராணுவத் தளவாடம் செய்யும் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி வேலைக்காக ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவார், பாதிக்குப் பாதி இந்தி கலந்து. படிக்கத் தெரியாது. “அக்கா, நம்ம தமிழ் காதுக்கு மட்டும்தான். ஆங்க் கே லியே நஹி, கண்ணுக்கு இல்ல” என்பார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரையும் வாங்க, போங்க என்றுதான் சொல்வேன். “ஏன்க்கா, நான் இன்னா கலெக்டரா?” என்று அதற்கும் ஒரு கேலி.

எங்களுக்குள் தினமும் சண்டை. நான் வரைந்ததை அவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் நான் எட்டுப் புள்ளி இடைவெளி விட்டிருந்தால் அவர் கையில் அது ஆறாகிவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “கண்ணை எங்கீங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டு எழுந்து போவேன். ரெண்டு புள்ளிக்காக ஒரு மனுஷி இப்படி ஓடி வருவாளா என்று அவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் என் வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. முதலில் விரல் மரத்துப்போனது, பிறகு எதையும் பிடித்து இழுத்தால் முழங்கை வரை சுருக்கென்று ஓடியது. நரம்பு அழுந்துகிறது, மவுஸ் பிடிப்பதைக் குறையுங்கள் என்றார் கோந்த்வாவில் எங்கள் தெரு முனை டாக்டர். மவுஸ் பிடிப்பதுதான் என் பிழைப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் நிரந்தர ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரி. ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கை போன டிசைனரை யார் மறுபடி எடுப்பார்கள்? ஆகவே யாரிடமும் மூச்சு விடவில்லை. மணிக்கட்டுப் பட்டையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தேன். பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்தேன், சாயைக்கூட இடது கையால் குடித்தேன். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைவது கணவர் பொறுப்புக்குப் போனது. “இவ்வளவு மறைக்கறியே, அது என்ன திருட்டுக் கையா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

தட்டச்சையாவது குறைக்கலாம் என்று, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் குரலில் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியைப் போட்டேன். என் ஆங்கிலத்தை அது படுத்திய பாட்டில் வெறுத்துப்போய்த் தமிழுக்கு மாற்றினேன். தமிழ் சமத்தாக ஏறியது. நான் வரையும் மென்பொருளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. திரையின் இடப்பக்கம் வரிசையாக நிற்கும். வரைகிறவர் வசதிக்கான பெயர்கள்தான் அவை, செயலியில் யார் கண்ணுக்கும் தெரியாது. ‘நர்ஸ் படம்’, ‘வரும் நேரம்’, ‘முகவரி’ என்று சொல்லிக்கொண்டே போனேன். வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு சேவைக்கான செயலி அது.

திரையின் அடியில் ஒரு பட்டன் வேண்டும். அதில் என்ன எழுதுவது, என்ன நிறம் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சாம்பல் நிறத்தில் வெறும் கட்டமாகப் போட்டு, பெயர் வைக்கக் குரலைத் திறந்துகொண்டு, மவுஸைக் கொஞ்சம் இழுத்தேன். சுருக்கென்றது. “ஐயோ!” என்றேன். கட்டத்தின் பெயர் ‘ஐயோ’ என்று பதிந்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் மறுபடி கையை அசைக்க வேண்டும். போகட்டும் என்று விட்டேன். அதே கட்டத்தை எல்லாத் திரைகளிலும் நகலெடுத்து ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கட்டத்தில் என் புலம்பல் முழுசாகவே ஏறிக்கொண்டது: ‘அம்மா, இந்தக் கை இனி வேலைக்காகாது, தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க.’ அதைப் பார்த்து நானே சிரித்தேன். அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற தைரியம்.

அந்த வாரம்தான் எங்கள் மேலாளர் ஒரு முடிவெடுத்தார். மராத்திக்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், பேச்சில் சுருக்கம். இனிமேல் தம்பி கண்ணால் பார்த்து எழுத வேண்டாம், நான் வரையும் மென்பொருளை அவர் பயன்படுத்தும் ஏஐ உதவியாளரோடு நேராக இணைத்துவிடுங்கள், அதுவே படத்தைப் படித்து நிரல் எழுதட்டும், அன்று மதியமே தன் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். கையும் போய், வேலையும் இயந்திரத்துக்குப் போனால் நான் எங்கே போவது?

இணைப்பு அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. என் மென்பொருளின் அமைப்பில் ஒரு அனுமதியைத் திறந்தேன். அங்கே வந்த முகவரியைத் தம்பி தன் உதவியாளரிடம் கொடுத்தார். ‘கிடைக்கவில்லை’ என்றது. மறுபடி கொடுத்தார். மறுபடியும் இல்லை. “ஏ லிங்க் நம்ம முனிசிபாலிட்டி தண்ணி மாதிரி, எப்ப வரும்னே தெரியல” என்றார். கடைசியில் பார்த்தால், நான் கோப்பை உலாவியில் திறந்து வைத்திருந்தேன். கணினியில் நிறுவிய மென்பொருளில் திறந்தால்தான் அதற்குத் தெரியுமாம். அப்படித் திறந்ததும் பிடித்துக்கொண்டது. நான் எல்லாத் திரைகளையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், “இதையெல்லாம் எழுது” என்று அவர் சொன்னார், அது எழுதத் தொடங்கியது.

எட்டுப் புள்ளி எட்டாகவே வந்தது. அதைப் பார்த்ததும் பயத்தையெல்லாம் மறந்து ஒரு நிமிடம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அப்போதுதான் தம்பி குனிந்து பார்த்தார்.

“அக்கா, ஏ க்யா ஹை? ‘ஐயோ பட்டன்’னு ஒண்ணு வந்துகினு இருக்கு. ஹர் ஸ்க்ரீன்லயும் இருக்கு. செவப்பா இருக்கு. அமுக்குனா போன் போவுதாம்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் போட்டது சாம்பல் நிற வெறும் கட்டம். உதவியாளர் கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தது. தம்பி அதைச் சிரித்துக்கொண்டே தன் தமிழில் சொன்னார். ஐயோ என்பது வலியிலோ பயத்திலோ தமிழர்கள் சொல்லும் சொல். இது நர்ஸ் சேவைச் செயலி. பட்டனில் வேறு எழுத்து எதுவும் இல்லை. ஆகவே நோயாளி அவசரத்துக்கு உதவி கேட்கும் பட்டன் என்று எடுத்துக்கொண்டேன், தவறென்றால் திருத்தவும்.

“இன்னாக்கா, மதராஸி பட்டனா?” என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுத்த வரிக்குப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது.

“‘இன்னொரு கட்டத்தோட பேரு... பேரு மாதிரி இல்ல. வரைஞ்சவங்க தனக்குத்தானே சொல்லிக்கினது மாதிரி கீது. அதால ப்ரோக்ராம்ல சேக்கல.’ அப்புறம் அதுக்கு அர்த்தம் போட்டுருக்குக்கா.” மீதியை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணால் படித்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் சட்டைக் கையைப் பார்த்தார்.

“காமிங்க” என்றார்.

காட்டினேன். இத்தனை நாள் இல்லாத அழுகை அங்கே, அலுவலக வெளிச்சத்தில், எல்லோரும் இருக்கும்போது வந்து தொலைத்தது. அவர் தன் நாற்காலியை நகர்த்தி மற்றவர்களுக்கு என்னை மறைத்து உட்கார்ந்துகொண்டார். தாழ்ந்த குரலில், “மேடம் வர்றதுக்குள்ள பேரெல்லாம் மாத்திடறேன்க்கா. கிசி கோ பதா நஹி சலேகா, யாருக்கும் தெரியாது. நீங்க கைய வெக்க வேணாம், நான் பண்றேன்” என்றார். தினமும் ரெண்டு புள்ளிக்காக என்னிடம் திட்டு வாங்குகிறவர் அவர். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு அதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது.

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒருவருக்குத் தெரிந்துவிட்ட பிறகு மறைப்பது இரட்டை வேலை. இனி அவரும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டும், நானும் இன்னும் நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. “வேண்டாங்க தம்பி, நானே போய்ச் சொல்லிடறேன்” என்று எழுந்தேன்.

மேலாளர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆதி கா நாஹீ சாங்கித்லஸ்?” என்றார். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று. ஒப்பந்தம் என்று இழுத்தேன். அவர் இந்தியில் படபடவென்று கொட்டினார். நீ வரைந்த திரை வேண்டும் என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கிறது, மவுஸை யார் கை பிடிக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இரண்டு மாதம் நீ எதையும் தொடாதே. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல், இணைப்புதான் இருக்கிறதே. உன்னைப் போல ரெண்டு புள்ளிக்குச் சண்டை போட நான் வேறு யாரைத் தேடுவேன்? இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. அந்தக் கோபத்துக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

அன்று மதியம் ஓட்டிக் காட்டியபோது தம்பி ஐயோ பட்டனையும் விட்டுவைத்தார். சோதனைக்கு அதில் தன் எண்ணையே போட்டிருந்தார். மேலாளர் அமுக்கினார். தம்பியின் சட்டைப்பையில் போன் அலறியது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதன் பிறகு நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வேன். “அதைக் கொஞ்சூண்டு இடப்பக்கம் தள்ளுங்க.” “கொஞ்சூண்டுன்னா கித்னா பிக்சல்க்கா?” “கொஞ்சூண்டுன்னா கொஞ்சூண்டுதான்.” அவர் சலித்துக்கொண்டு அதை அப்படியே உதவியாளரிடம் சொல்வார். அது நாலு புள்ளி தள்ளிவைத்துவிட்டு, போதுமா என்று கேட்கும். போதும். சண்டை முன்பைவிடக் கூடியது, ஆனால் இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே போட முடிந்தது. புதுப்பித்த ஒப்பந்தத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கோழி கிண்டியது போல இருந்தது.

நான் ஒருவருக்கும் சொல்லாததை அந்த இயந்திரம் படித்தது. படித்ததை ஊர் பார்க்கும் நிரலில் சேர்க்காமல் தனியாக எடுத்துவைத்தது. அதற்கு மனசு இருக்கிறதா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. என் ஐயோவை ஐயோவாகவே எடுத்துக்கொண்டது, அதற்காக நன்றி.

செயலி வெளியே போனபோது அந்தச் சிவப்புப் பட்டன் இல்லை. யாரும் கேட்காத ஒன்று, எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ‘அடுத்து’ என்று எழுதி, நீல நிறம் கொடுத்தேன். தம்பியின் எண்ணோடு என் போனில் இருந்த சோதனைப் பதிப்பை மட்டும் அழிக்கவில்லை. கை இப்போது முக்கால்வாசி தேறிவிட்டது, சப்பாத்தி மாவும் என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

போன வாரம் கோந்த்வா பஸ்ஸில் நல்ல கூட்டம். பழக்கதோஷத்தில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பைக்குள் பயணச் சீட்டைத் தேடினேன். பைக்குள்ளிருந்து தம்பியின் குரல் கேட்டது.

“அக்கா? அக்கா! இன்னா ஆச்சு? கிதர் ஹோ? பேசுங்க, நான் வர்றேன்!”

அவர் குரலுக்குப் பின்னால் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். பதறிப்போய் போனை எடுத்தேன். “ஒண்ணுமில்லீங்க தம்பி, பைக்குள்ள கை பட்டு அமுங்கிடுச்சு. பஸ்ல இருக்கறேன். நல்லாத்தான் இருக்கறேன்.”

அந்தப் பக்கம் ஸ்கூட்டர் அணைந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

“டீக் ஹை அக்கா” என்றார். “பட்டன் வேலை செய்யுது.”