யுத்தகாலத்தில் பற்றரிக்குத் தண்ணி ஊற்றினவன்

பற்றரிக் கடைக்குச் சந்தோசமாக வந்த ஒரு மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை. காலைவெயிலில் பற்றரி இறங்கின காரின் முன்னால் குனிந்து நின்று, இஞ்சினை உயிர்பிடிக்க வைக்கிற கைபிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்மூட்டு கழன்றுபோன உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கின வருசம் திருகோணமலை ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் ஒரு பற்றரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மண்ணெண்ணெய் இஞ்சின் ஒன்று, அது சுழற்றுகிற டைனமோ ஒன்று, பற்றரிகளை வரிசையாக வைத்துச் சார்ஜ் ஏற்ற ஒரு நீள மேசை, இவ்வளவுதான் கடை. இஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் மூதூர் இஸ்மாயில் காக்கா. பற்றரிகளைப் பார்த்துக்கொண்டவன் நான்.

இளநீர்

பற்றரிக்குள் இருக்கும் அசிட் அப்படியே இருக்கும், அதோடு கலந்திருக்கும் தண்ணிதான் வற்றும். அதனால் காய்ச்சி வடித்த தண்ணியை மாத்திரம் விடவேண்டும் என்று வருகிற எல்லாருக்கும் சொல்லுவேன். யுத்தம் வந்ததும் அந்தத் தண்ணிப் போத்தலுக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. மழைகாலத்தில் முற்றத்தின் நடுவில் பீங்கான் கோப்பை வைத்துப் பிடித்த மழைத்தண்ணியை ஊற்றித்தான் சமாளித்தோம்.

வேலையிலிருந்து இளைப்பாறின போஸ்ட்மாஸ்டர் ஒருவர் சின்னக் கறுப்புக் கார் வைத்திருந்தார். ஒருநாள் பற்றரியைக் கொண்டுவந்து இறக்கினார். மூடியைத் திறந்தேன், புளித்த கள்ளு மணம் முகத்தில் அடித்தது. உள்ளே மண்ணிறமாக நுரை. "என்ன ஐயா ஊத்தினீங்கள்?" என்று கேட்டேன். மனிதர் கொஞ்சமும் வெட்கப்படாமல், "செவ்விளநீர். வடிச்ச தண்ணி ஊரில எங்கயும் இல்லை. கிணத்துத் தண்ணி உப்பு. கடவுள் வடிச்சுத் தாறது இதுதானே?" என்றார். எல்லாவற்றையும் கவிழ்த்து ஊற்றி, மூன்று தரம் கழுவி, புது அசிட் விட்டுச் சார்ஜில் போட்டேன். பாதி உயிர்தான் திரும்பியது. அதற்கே அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: "தம்பி, காய்ச்சல் வருத்தக்காரனுக்கே குடுக்கிற சாமான், இது ஏன் பற்றரிக்கு ஒத்துக்கொள்ளேல்லை?"

வள்ளத்தில் வந்தது

கட்டைபறிச்சானில் வயல் செய்கிற ஒரு கமக்காரரிடம் பழைய கார் ஒன்று இருந்தது. அதன் பற்றரி மாதத்துக்கு ஒருதரம் வண்டியில் மூதூருக்கு வந்து, அங்கிருந்து வள்ளத்தில் கொட்டியாரக் குடாவைக் கடந்து எங்களிடம் வரும். ஒரு மூடி தொலைந்துபோன இடத்தில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஒருநாள் காற்றுக்கு வள்ளம் சரிந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஊர் அதிகாரியான விதானையாரின் வேட்டியில் அசிட் நன்றாக ஊறிவிட்டது. கடல்தண்ணி என்று நினைத்து அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

ஊருக்கு அரிசி கேட்டு வெள்ளைக்காரத் துரையோடு கதைக்க, அதே வேட்டியோடு கச்சேரிக் கந்தோருக்குப் போனவர், கதைத்து முடித்துக் கதிரையை விட்டு எழும்பினார். வேட்டியின் பின்பக்கம் கதிரையிலேயே நின்றுவிட்டது. குடையை விரித்துப் பின்னால் பிடித்தபடி எங்கள் கடைக்கு ஓடிவந்தார். சோடாத்தூள் கரைத்த தண்ணியால் எரிச்சலைக் கழுவிவிட்டு, இஸ்மாயில் காக்காவின் சாரத்தை உடுக்கக் கொடுத்தோம். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "என்ர கோலத்தைக் கண்டதும் அரிசி தாறனெண்டு துரை உடன ஒத்துக்கொண்டிட்டார், ஆனால் இனி உந்தப் பற்றரி வள்ளத்தில வந்தால் நான் நீந்தித்தான் வருவன்."

ஓடாத கார்

பெற்றோல் பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்ததும் பல கார்கள் கொட்டிலுக்குள் போய்விட்டன. கோட்டில் வழக்குப் பேசுகிற புறொக்டர் ஒருவர் எட்டு மாதமாகக் காரை வெளியே எடுக்காமல், ஞாயிறுதோறும் மெழுகு பூசி மினுக்கிக்கொண்டிருந்தார். பற்றரியைப் பற்றி நினைக்கவேயில்லை. சும்மா கிடக்கிற பற்றரி தன்பாட்டில் இறங்கிக்கொண்டே போகும். உள்ளே தகடுகளில் வெள்ளை பூக்கும். மூன்று நாள் மிக மெதுவாகச் சார்ஜ் ஏற்றி ஒருமாதிரி மீட்டுக் கொடுத்தேன். மாதம் ஒருதரமாவது கழற்றிக்கொண்டு வாருங்கள், அதற்கும் ஓட்டம் வேண்டும் என்றேன். பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "வீட்டில என்ர மச்சான் ஒராளும் சும்மா கிடக்கிறார், அவரையும் ஒருக்கா உங்கட மேசையில ஏத்திப் பாக்கேலாதோ?"

செந்நிற வாளி

இது என் பிழை. சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து தீப்பிடிக்கிற வாயு வரும். நெருப்பை அருகே கொண்டுபோகக் கூடாது. வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லுகிற நானே, ஒரு மத்தியானம் வாயில் பீடியோடு மேசையில் குனிந்துவிட்டேன். படார் என்று ஒரு சத்தம். முகமெல்லாம் அசிட். கண்ணுக்குள் நெருப்பை அள்ளிப் போட்டது போல இருந்தது.

குண்டு விழுந்தால் நெருப்பணைக்கவென்று எல்லாக் கடை வாசலிலும் செந்நிற வாளியில் தண்ணி வைக்கச் சொல்லியிருந்தார்கள். இஸ்மாயில் காக்கா என் பிடரியைப் பிடித்து அந்த வாளிக்குள் தலையை அமுக்கினார். நான் உதைத்தேன், திமிறினேன். விடவில்லை. இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, வாளி மாற்றி வாளி தண்ணியை ஊற்றிக்கொண்டே இருந்தார். ஆசுப்பத்திரியில் டொக்டர், இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார். நாலாம் நாள் கட்டு அவிழ்த்தபோது கட்டிலடியில் காக்காதான் நின்றார். அவர் முகத்தின் அம்மைத் தழும்பு ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு அழகான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, நான் தெரியிறேனா? தெரிஞ்சா அந்தப் பீடிக்கட்ட இஞ்ச தாங்க."

மிஸ்ஸின் பற்றரி

யப்பான்காரன் குண்டு போட்ட காலையில் நான் கடையில் நின்றேன். சீனன்குடாப் பக்கம் கரும்புகை எழும்பியது. சனம் பாயும் சட்டியுமாகக் கன்னியா றோட்டில் ஓடத் தொடங்கியது. கடையின் பின்னறையில் என்னோடு குடியிருந்த மனைவி திரேசாவுக்கு அது நிறைமாதம். பயத்தில் வலி கண்டுவிட்டது. எங்கள் முற்றத்தில் வேலாயுதம் அண்ணையின் மரக்கறி லொறி நின்றது. அவர் ஓட்டத் தயார். ஆனால் அதன் பற்றரி அன்றைக்குத்தான் மேசையில் ஏறியிருந்தது. கைபிடி போட்டுச் சுற்றினாலும் பற்றரி இல்லாமல் அந்த லொறி உயிர்பிடிக்காது. முழுச் சார்ஜோடு மேசையில் இருந்தது ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை இராசம்மா மிஸ்ஸின் கார்ப் பற்றரி. வெள்ளைப் பெயின்றில் அவரின் பெயர் எழுதியிருந்தது.

அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸும் இந்த நேரம் ஓடத்தானே வேண்டும்? இதைத் தேடி இப்போதே வந்தால்? உள்ளே திரேசா முனகினது கேட்டது. தூக்கிக்கொண்டுபோய் லொறியில் பூட்டினேன். வழியில் ஏறின சனத்துக்குள் ஒரு மருத்துவச்சி இருந்தது எங்கள் அதிஷ்டம். கந்தளாய்க்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட அறையில், பிள்ளைகள் இருக்கிற வாங்கு இரண்டைச் சேர்த்துப் போட்ட இடத்தில், எங்கள் மகள் பிறந்தாள்.

ஊர் கொஞ்சம் அடங்கின பிறகு, பற்றரியைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் கதிரை போட்டு, சுடுதண்ணிச் சட்டிக்குள் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு இருந்தார். கால் முழுக்கக் கொப்புளம். அன்று காலை கடைக்கு வந்து, மேசையில் தன்னுடையது மாத்திரம் இல்லாததைக் கண்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நிலாவெளிவரைக்கும் நடந்திருக்கிறார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்க முதல் அழுதுவிட்டேன். கேட்டுவிட்டு, வகுப்பில் பிள்ளைகளைப் பார்க்கிற அதே பார்வையோடு சொன்னார்: "அதை மேசையில விட்டுட்டு மனுசியை நடத்திக்கொண்டு போயிருந்தால்தான் நான் உங்களோட கோவிச்சிருப்பன், இப்ப பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ."

ஒரு பற்றரி நெடுநாள் உழைக்க என்ன வேண்டும் என்று கேட்டால் நல்ல தண்ணி, துப்புரவு, ஓட்டம் என்று மூன்று சொல்லுவேன், ஆனால் என்னைப் போன்ற பற்றரிக்காரன் ஒருவன் நெடுநாள் உழைக்க என்ன வேண்டும் என்று கேட்டால், அவனைவிட நல்ல மனிதர்கள் கொஞ்சப்பேர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.