எல்லாரும் பாஸான கண் சோதனை

றம்ஸியா மௌத்தாகிவிட்டாள்.

விடியக்காலை கிண்ணியாவிலிருந்து தங்கச்சி கோல் எடுத்து மரணச் செய்தியைச் சொன்னாள். எந்த றம்ஸியா என்று கேட்டேன்... எனக்கு இருந்தது ஒரேயொரு றம்ஸியாதான், தெரிந்துகொண்டே கேட்டேன்.

துறையடியில் கடை வைத்திருந்த றம்ஸியா. பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் என்னை இடித்துக்கொண்டு இருந்தவள்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு. இன்றைக்கும் அதுதான் வந்தது, பிறகுதான் மற்றது.

எழுபதுகளின் தொடக்கம், நாங்கள் ஏழாம் வகுப்பு. கரும்பலகை எனக்கு ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்!

டீச்சர் எழுதுவதையெல்லாம் றம்ஸியாவின் கொப்பியைப் பார்த்து எழுதுவேன், அவள் விட்ட பிழைகளையும் சேர்த்து.

சோதனைக்கும் கேள்விகளைப் போர்டில்தான் எழுதிப் போடுவார்கள். அன்றைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்க ஏலாது. பெயில்.

இந்த முறையும் பெயில் என்றால் படித்தது போதும், வீட்டோடு இருக்கட்டும் என்று வாப்பா சொல்லிவிட்டார். வாப்பா சொன்னால் சொன்னதுதான்.

அந்த நேரம் பார்த்து, பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க டவுனிலிருந்து ஒரு டொக்டர் வந்து இறங்கினார்.

சுவரில் ஒரு அட்டை. அதில் ஆங்கில 'ஈ' எழுத்து வரிசை வரிசையாக... அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும்.

சோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் வரிசையின் கடைசிக்கு நழுவினேன். இதிலும் பெயிலானால்?

முதலில் உள்ளே போன றம்ஸியா, வெளியே வந்ததும் விடையைக் கொண்டுவந்துவிட்டாள். மேல், கீழ், வலம், வலம், இடம்... கைதட்டி விளையாடுகிற பாட்டு மாதிரி வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் பாடமாக்கித் தந்தாள்.

எல்லாரும் பாஸ். நான் உட்பட!

டொக்டருக்கு மகா சந்தோசம். பக்கத்து வகுப்பில் இரண்டு பேருக்குத் தூரம் தெரியவில்லை, கண்ணாடிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன், உங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தேவையில்லை என்று சொல்லிச் சாமான்களை அடுக்கத் தொடங்கினார்.

றம்ஸியா எழும்பி நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது... சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிள்ளினேன், ஒன்றும் சரிவரவில்லை.

"டொக்டர் ஐயா, இவ பாசில்ல. நான்தான் சொல்லிக் குடுத்தனான். இவக்கு போர்ட்டே தெரியாது."

டொக்டர் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார்.

என்னைக் கூப்பிட்டார். அவர் குச்சியை எடுப்பதற்குள் பழைய பாட்டை மூச்சு விடாமல் முழுவதும் காட்டி முடித்துவிட்டேன். அந்த மனுசன் சிரித்த சிரிப்பு!

எல்லாரையும் திரும்பச் சோதித்ததில் எங்கள் வகுப்பில் மூன்று பேர் பெயில். றம்ஸியாவுக்கு வெயிலில் முழங்கால்.

நான் அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். காட்டிக்கொடுத்தவள்.

கண்ணாடி போட்ட பிள்ளையை ஆர் கலியாணம் முடிக்கிற என்று வாப்பா கத்தினார். பிள்ளையின் மூளையில் குறையில்லை, கண்ணில்தான் என்று டொக்டர் கடிதத்தில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தார். மூன்றாம் நாள் காலையில் ஒரே சொல்... "வெளிக்கிடு."

டவுனுக்கு இரண்டு தரம் போய்வந்தோம். இரண்டாம் தரம் கண்ணாடி மூக்கில் ஏறியது.

திரும்பி வரும்போது துறையில் ஏறினோம். நாங்கள் பாதை என்று சொல்லுகிற ஃபெரி, கிண்ணியாக் கரையை நெருங்குகிறது. கரையில் நின்ற சனத்துக்கெல்லாம் முகம் இருந்தது!

அதற்குள் ஒரு முகம் என்னைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

றம்ஸியா. மூன்று வருடமாகத் தூரத்தில் என்னைக் காணும்போதெல்லாம் இதே வேலைதானாம். நான் பேசாமல் போவதைப் பார்த்து, இவள் எவ்வளவு பொறுமைசாலி என்று நினைத்தாளாம், கள்ளி.

நானும் பதிலுக்கு நீட்டினேன். அவள் திடுக்கிட்டுப் பின்னால் நின்ற மீன்காரர் மேல் மோதினாள். வாப்பா என் தலையில் ஒன்று போட்டார். கோபம் அந்த இடத்திலேயே முடிந்தது.

அந்த வருடம் பாஸ். பள்ளிக்கூடமும் நிற்கவில்லை. கணக்கு மட்டும் அதற்குப் பிறகும் வரவில்லை, அந்தப் பழியைக் கண்ணில் போட ஏலாது.

பிறகு அவள் கடை போட்டாள். டொபி வாங்க வருகிற பிள்ளை, பின் அலுமாரியில் இருக்கும் பிஸ்கட் டின்னின் பெயரை வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காவிட்டாலும் டொபி கிடைக்கும், ஆனால் அன்று பின்னேரமே றம்ஸியா அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே உம்மாவைத் தேடிப் போய்விடுவாள்.

என் மூன்று பிள்ளைகளும் அந்த டின்னுக்கு முன்னால் நின்றவர்கள்தான். நடுவிலானுக்கு மட்டும் தெரியவில்லை... அவனுக்கும் கண்ணாடி.

மையித்து அடக்கத்துக்கு முன்னால் ஊர் போய்ச் சேர ஏலாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போயிட்டு வாடி, றம்ஸியா. என்னைப் பெயிலாக்கி விட்டதற்கு அல்லாஹ் உனக்குச் சுவர்க்கத்தைத் தரட்டும்.