அட்டைப் படத்துக்கு நின்றவள்

செவ்வாய்ப்பேட்டை அச்சுக்கூடம் ஒன்றில் பாவாயிக்குத் தாள் மடிக்கிற வேலை. மடித்த தாள்களை அடுக்கி, ஊசியால் தைத்து, பசை தடவி அட்டை ஒட்டுவாள். எழுத்து ஒன்றும் தெரியாது. வெண்ணந்தூரில் புருஷன் ஆண்டி வாந்திபேதி கண்டு ஒரே பகலில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் சின்னாயியை மாமியார் பெருமாயியிடம் விட்டுவிட்டுச் சேலத்துக்குப் பிழைக்க வந்தவள்.

முதலாளி காளியண்ணன் பஞ்சாங்கமும் கல்யாணப் பத்திரிகையும் அடித்து அலுத்துப்போய், மர்ம நாவல் போட ஆரம்பித்திருந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. "சந்தையில நடக்கறவன் நின்னு பாக்கோணும். அதுக்கு அட்டைதான்" என்பார். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய கண்ணுசாமியை அட்டைக்குப் பிடித்து வைத்திருந்தார். அவனுக்கு அரண்மனை வரும், பூஞ்சோலை வரும். பெண்கள் மட்டும் மீசையை மழித்த ராஜபார்ட்டு போலவே இருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவன் பாவாயியைக் கூப்பிட்டான். "அக்கா, இந்தக் கிண்ணத்தைப் புடிச்சுட்டுச் சித்த நில்லுங்க."

"எதுக்குங்க?"

"கை எப்படி வருதுன்னு பாக்கறதுக்குங்க."

நின்றாள். எட்டிப் பார்த்த காளியண்ணன், "தோளை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டை அச்சாகி வந்தது. வெள்ளைச் சேலைக்காரி சிவப்புச் சேலையில் நின்றாள்; முந்தானை தோளை விட்டு நழுவியிருந்தது. கிண்ணத்திலிருந்து பச்சைப் புகை கிளம்பியது. பின்னால் கட்டிலில் ஒருவன் நாக்குத் தள்ளிக் கிடந்தான். பாவாயியின் கண் இதிலெல்லாம் நிற்கவில்லை. அந்த முகத்தில் பொட்டு இருந்தது, தலை நிறையப் பூ இருந்தது. கழித்துப் போட்ட தாள்களில் ஒன்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனபோது அதை மகளிடம் கொடுத்தாள்.

"இது நீயாம்மா?"

"நாந்தான் சாமி."

சின்னாயி அதைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு ஓடினாள். கடைசியில் அது ஆண்டியின் தம்பி பெரியசாமி கைக்கு வந்தது. நாலாவது வரை படித்தவன் அவன். வாசலில் நின்று எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான்: "புருஷனுக்கு நஞ்சிட்ட புவனசுந்தரி. இராசிபுரம் தாலூகாவில் மெய்யாக நடந்த கோரம்! ஆசை நாயகனோடு அவள் ஆடிய லீலைகள்! பால்யர்கள் தொடக்கூடாது!"

வெண்ணந்தூரும் அந்தத் தாலூகாதான். பெயரைச் சேர்த்தது காளியண்ணன். பக்கத்து ஊரில் நடந்தது என்றால் பக்கத்துச் சந்தையில் சீக்கிரம் போகும். ஓமலூர்ப் பக்கம் போன கட்டுகளில் ஓமலூர் தாலூகா என்று இருந்தது.

பெருமாயி வெகுநேரம் படத்தையே பார்த்தாள். "எம்மவன் கஞ்சி குடிச்சுப்போட்டுத்தான் வாந்தியெடுத்தான். ஊத்திக் குடுத்தது ஆரு?"

"அத்தை, அன்னிக்கு ஊருல எத்தன பேரு வாந்திபேதியில செத்தாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அவங்க பொண்டாட்டிக படமெல்லாம் பொஸ்தகத்துல வரலியே."

கதவிடுக்கில் சின்னாயி தலையை நீட்டினாள். "எங்கப்பனை நீயாம்மா கொன்னே?" பெருமாயி குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

பாவாயி சேலத்துக்குத் திரும்பி முதலாளியின் மேசை முன்னால் நின்றாள். "ஒரு எட்டு வந்து அது வெறும் கதைன்னு சொல்லிப்போடுங்க. எம்புள்ளையப் பாக்க உட மாட்டீங்கறாங்க."

காளியண்ணன் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "நானே பொய்யின்னு சொன்னா, அப்பறம் அந்தப் பக்கம் ஒரு பொஸ்தகம் போகுமா, பாவாயி?"

வெண்ணந்தூரில் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் அவர் காதில் நன்றாக விழுந்திருந்தது. உடனே மறுபதிப்புப் போடச் சொன்னார். அட்டையின் அடியில் புதிதாக ஒரு வரி ஏறியது: "கதாநாயகியை வெண்ணந்தூர்வாசிகள் இன்றும் அறிவார்கள்." கண்ணுசாமி ஒரு தடவை "வேண்டாமுங்க" என்றான். முதலாளி நிமிர்ந்து பார்த்ததும் தூரிகையைக் கழுவப் போய்விட்டான்.

அந்த அட்டைகளையும் பாவாயிதான் ஒட்டினாள். புது வரியைத் தொட்டு, "இது என்னங்க?" என்று கண்ணுசாமியைக் கேட்டாள்.

"வெலைங்கக்கா" என்றான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது எல்லையிலேயே பெரியசாமி ஆட்களோடு நின்றான். அந்த வரி என்ன என்பதை அவன் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு கல் தோளில் பட்டது. அதன் பிறகு அச்சுக்கூடத்துக்குப் போகவில்லை. மண்டியில் கடலைக்காய் உடைக்கிற வேலைக்குப் போனாள்.

வருஷங்கள் போயின. சின்னாயிக்கு நாமகிரிப்பேட்டையில் கல்யாணம் என்று மண்டிக்கு வந்த வண்டிக்காரன் சொன்னான். தாயும் தகப்பனும் ஒரே வாந்திபேதியில் போய்விட்டதாகப் பெருமாயி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தாள். பாவாயி போனாள். கடைசிப் பந்தியில், கடைசி இலையில் உட்கார்ந்தாள்.

மாலையும் கழுத்துமாக இருவரும் பந்தியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை கேட்டான். "அது ஆரு, உன்னையே பாத்துட்டு இருக்குது?"

சின்னாயி பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் மாறியது.

"தெரியலீங்க. சோத்துக்கு வந்திருக்குமாட்ட இருக்குது."

பாவாயி இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பாதியில் எழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.