அம்மாவின் காரில் வந்த ‘டொய்ங்’

டொய்ங்...

இழுத்துக் கட்டிய கம்பியை யாரோ சுண்டிவிட்டது போல இருக்கும். அம்மா ரிவர்ஸ் எடுத்து ஸ்டீரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் வரும். முதலில் ஒரு முனகல், அப்புறம் டொய்ங், கூடவே ஸ்டீரிங்கில் ஒரு உதறல். தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பவர்லூம் ஷெட்டில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பழைய கார் வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவாள். வீட்டில் சம்பாதிப்பது நாங்கள் இருவர்தான்.

போகிற வழியில் என்னை ஷெட் வாசலில் இறக்கிவிடுவாள். அதுவரைக்கும் முன்சீட்டில் நான், என் மடியில் ஒரு யுகேஜி பாப்பா. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘பேசாத அக்கா’. அதுவும் சரிதான்... தெரிந்தவர்களிடம் பேசவே எனக்குக் கூச்சம்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பாப்பாவின் அப்பா அம்மாவிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டீரிங்ல சத்தம் வருதுன்னா பயமா கீது. திங்கக்கெழமைக்குள்ள சரியாவலன்னா நாங்க எல்லாரும் வேற வேன் பாத்துக்கறோம்."

‘எல்லாரும்’ என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. பிள்ளைகள் போய்விட்டால் அந்தக் கார் எங்களுக்கு எதற்கு?

அம்மாவின் தம்பி, என் மாமா, அதற்காகவே காத்திருந்தது போலப் பேசினார்.

"நிக்க வெச்சே ஸ்டீரிங்க போட்டுத் திருவுற. சத்தம் வராம பாட்டா வரும்? வித்துட்டு நீயும் ஷெட்டுக்குப் போக்கா."

"ஓட்றவ நானு. நீ ஓரமா நில்லுடா" என்றாள் அம்மா. ஆனால் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சலீம் அண்ணன் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். மாமாவும் கூடவே வந்தார். சலீம் அண்ணன் நல்ல மெக்கானிக். ஏற்கெனவே ஒரு தடவை ஸ்டீரிங் கம்பியின் முனைகளை மாற்றித் தந்திருந்தார், சத்தம் போகவில்லை. இந்த முறை காரைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கி நின்று பார்த்தார். அம்மா திருப்பினாள்... டொய்ங். மறுபடி திருப்பினாள்... டொய்ங்.

"ரேக்குதான் போலக்கா" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஸ்டீரிங்குக்கு அதான் உசுரு. வேலூர்லேந்து வரணும். வாரம் ஆயிடும்."

"விடிஞ்சா திங்கக்கெழமையாச்சே" என்றாள் அம்மா.

நான் முன்சக்கரத்துப் பக்கம் நின்றிருந்தேன். எங்கள் ஷெட்டில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. தறியில் எங்கேயோ கோளாறு என்றால் காதை நம்ப முடியாது, எல்லாச் சத்தமும் கலந்து கிடக்கும். அங்கங்கே கை வைத்துப் பார்ப்போம். எங்கே புதிதாக ஒரு உதறல் இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. அந்தப் பழக்கத்தில்தான் டயருக்கு மேலே கையை விட்டு, சக்கரத்தைத் தாங்கும் பெரிய ஸ்பிரிங்கைத் தொட்டேன்.

அம்மா திருப்பினாள். சக்கரம் திரும்பியது. ஸ்பிரிங் திரும்பவில்லை. என் விரலுக்கடியில் அது முறுக்கிக்கொண்டே போனது... போனது... சட்டென்று துள்ளியது. அதே நொடியில் டொய்ங்.

அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். அங்கே ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பியது.

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மாமா வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டில் செய்வது போலக் குனிந்து, குழிக்குள் இருந்தவரிடம் கைஜாடை காட்டினேன். மேலே வாங்க. இங்கே கை வைங்க.

"இன்னாம்மா?" என்று சலீம் அண்ணன் ஏறி வந்தார். நான் காட்டிய இடத்தில் கை வைத்தார். "அக்கா, திருப்புங்க."

டொய்ங்.

"இன்னொரு வாட்டி." அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "ஸ்பிரிங்குக்கு மேல கீற பேரிங் இறுகிப்போச்சுக்கா. ஸ்பிரிங்க சுத்த விடமாட்டுது. ரேக் நல்லா கீது. இது இங்கியே கெடைக்கும்."

"இவ ஓட்றதாலதான் போச்சு" என்றார் மாமா.

"மண்ணும் தண்ணியும் போனா யார் ஓட்னாலும் போவும் தலைவரே. கொஞ்சம் நவுருங்க, ஜாக்கி வெக்கணும்."

புதியதை மாட்டிவிட்டு, கழற்றிய பழைய பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். துருவும் மண்ணுமாக, திருப்பினால் கரகரத்தது.

மாலையில் பாப்பாவின் அப்பாவை அம்மாவே கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்னும் கேக்கலியே."

"அதாங்க வேணும்" என்றாள் அம்மா. "எங்க பொண்ணுதாங்க கண்டுபுடிச்சா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே பார்த்தேன்.

"காலைல பாப்பா ரெடியா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எனக்குப் பத்தொன்பது. லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அதே கார்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் நானே பிள்ளைகளை ஏற்றிப்போகிறேன். பின்சீட்டில் சண்டை முற்றினால், "ஏய், உக்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டால் போதும்... அடங்கிவிடுகிறார்கள். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

ஷெட்டில் எனக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதால், அம்மாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்து போவதுதான் குறைந்துவிட்டது. படவேடு கோயிலுக்குப் போனால்தான் உண்டு. யார் ஓட்டுவது என்று வாசலிலேயே வாக்குவாதம் நடக்கும். முக்கால்வாசி நான் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

அவள் ஓட்டும்போது அந்த முன்சீட்டில் உட்கார எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது.