மாமியார் என் மூத்த மனைவியான கதை

எனக்கு நான்கு மனைவிகள் என்று லண்டனில் அச்சிட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாளில், அரைப் பக்கப் படத்தோடு. படத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நான்கு பெண்கள் நிற்கிறார்கள். அதில் ஒருத்திதான் என் மனைவி. மற்ற மூவர் என் மாமியார், மாமியாரின் அக்கா, மனைவியின் தங்கை. இருந்த ஒரு மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவே தருணம் பார்த்துக் காத்திருந்தவன் நான்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது நான் கோட்டைப்பட்டினத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பிறந்தது அன்னவாசல் பக்கம். கல்யாணமாகி மனைவி வீட்டுக்குக் குடிவந்தவன். அந்தக் கடற்கரையில் எங்கள் ஆட்களில் சில குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டியது. மாமனார் முன்பே மவுத்தாகிவிட்டார். பத்திரம் மாமியார் பெயரில், சாவிக்கொத்து மாமியார் இடுப்பில், கடைசி மீன் துண்டு யாருக்கு என்ற தீர்ப்பும் மாமியார் வாயில்.

அந்த வீட்டுக்குத்தான் துரை வந்தார். லண்டன் பத்திரிகைக்காரர். கீழை நாட்டு முகமதியர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறாராம். அறந்தாங்கியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியவர், என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ஒட்டகம் எங்கே என்பது. ஒட்டகம் கிடையாது, வள்ளமும் வலையும்தான் இருக்கின்றன என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. ஏதோ நாங்கள் அவரை ஏமாற்றிவிட்டதுபோல.

இங்கிலீஷ் பேச ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. இரண்டு நாளும் குடை பிடிக்காத குறையாக அவர் பின்னாலேயே அலைந்தேன். "மை ஃபிரண்ட்" என்று ஒருதரம் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் என் முதுகெலும்பு இளகியது இன்னும் முழுசாக இறுகவில்லை. இரண்டாம் நாள், உங்கள் குடும்பத்தைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார்.

மாமியார் துரத்தி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கணக்கு வேறாக இருந்தது. மனைவியின் தங்கைக்குப் பக்கத்து ஊரில் சம்பந்தம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை பினாங்கில் கப்பல் கம்பெனி குமாஸ்தா. பெண்ணின் படம் ஒன்று கிடைத்தால் நல்லது என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். குமருப் பெண்ணைத் தனியாக ஸ்டூடியோவில் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"மாப்ள, வீட்டோட சேத்து எடுக்கச் சொல்லுங்க. அவளும் அதுல நிக்கட்டும். தனியா நின்னாத்தானே தப்பு?" என்றார் மாமியார். "படத்துல ஒண்ணு நமக்கு அனுப்புவாரான்னு கேளுங்க. நேரா பினாங்குக்கு அனுப்பிறலாம்."

துரை நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். கூடத்தில் இருந்த தையல் மெஷினை அப்புறப்படுத்தச் சொன்னார். ரேடியோவை எடுக்கச் சொன்னார். கொழுந்தியாள் படித்துக்கொண்டிருந்த மாதப் பத்திரிகைகள் ஜன்னலில் அடுக்கியிருந்தன. அதையும் எடுக்கச் சொன்னார். பெண்களை முக்காட்டை இன்னும் இறக்கிவிடச் சொன்னார். சிரிக்கக் கூடாது என்றார். என்னை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்கு ஏதாவது வேண்டும் என்றார். என் கல்யாணத்துத் துருக்கித் தொப்பியை எடுத்துவந்து மாட்டினேன். அது நெற்றியைக் கவ்விப் பிடித்ததில் என் கண் இரண்டும் முறைத்துக்கொண்டன. அதுதான் வேண்டும் என்றார் துரை. அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார, மாமியார் நின்றது அன்று ஒருநாள்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

"இந்தப் பெண்களை நீ வெளியே விடுவாயா?" என்று கேட்டார் துரை. நான் தமிழில் சொன்னேன்.

"இவரு எங்கள விடுறதா?" மாமியாரின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவரு சீட்டாடப் போறதுக்கே நாங்கதான் விடணும்."

"வீடு எம் பேர்லங்கிறதச் சொல்லுங்க மாப்ள. வேணும்னா பத்திரத்தக் காட்டுறேன்," என்றார் மாமியார்.

அத்தனையும் இங்கிலீஷில் சொன்னேன். இவர் மாமியார், இவர் அவருடைய அக்கா, இவள் என் மனைவி, இவள் அவள் தங்கை என்று விரல் நீட்டிச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். ஆள் லண்டனிலேயே கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, படத்துக்கு மட்டும் வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வாக்குக் கொடுத்த படம் வரவில்லை. எட்டு மாதம் கழித்து மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். பினாங்கிலிருந்து கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது என்று, கைலியில் சுற்றிய ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"வாத்தியாரே, இதைப் படிச்சுச் சொல்லுங்க. நான் ஒருதரம் கேட்டுட்டேன். உங்க வாயால கேக்கணும்."

படித்தேன். முகமதியப் பிரபு தன் நான்கு மனைவியருடன். இடது ஓரத்தில் மூத்த மனைவி. அது என் மாமியார். வலது ஓரத்தில் இருப்பவள் அண்மையில் விலைகொடுத்து வாங்கப்பட்டவள். அது கொழுந்தியாள்.

கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

அக்காளையும் தங்கையையும் ஒரே நேரத்தில் கட்டக் கூடாது என்பது எங்கள் ஊரில் பட்டாணி விற்கிறவருக்கும் தெரியும். மாமியாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நினைத்தாலே தவ்பா செய்து மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம். ஒரு மார்க்கத்தைப் பற்றி உலகத்துக்குப் பாடம் நடத்த வந்தவருக்கு அதன் முதல் பாடம்கூடத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெட்கமும் இல்லை. இந்த மேதாவிக்குத்தான் நான் இரண்டு நாள் இளநீர் சீவிக் கொடுத்தேன்.

"நான் நம்பலம்மா," என்றார் வந்தவர் கதவைப் பார்த்து. "ஆனா பினாங்குல நம்ம ஊர்ப் பயலுக அத்தன பேரும் பாத்துட்டானுக. வாத்தியாருகிட்டப் படிச்ச பயலுகதானே, அடையாளம் தெரியாமலா போகும்? அடுத்தவன் பொண்டாட்டிய உனக்குப் பேசுறாங்களான்னு எம்மவனக் கேலி பேசுறானுகளாம். வீட்டுல பொம்பளைக ஒத்துக்க மாட்டேங்குறாங்க. ஜமாத்துல எழுத்துல வாங்கிக் குடுங்க, அனுப்பி வைப்போம். அவன் சரின்னா சரி. அவன் வேணாம்னா என்னைக் கொற சொல்லக் கூடாது."

அவர் போனதும் கொழுந்தியாள் வெளியே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மச்சான், எழுதுனவன் கடல் தாண்டிப் போயிட்டான். வெலைக்கு வாங்குனவன்னு நீங்க ஊருக்குள்ள சட்டை மாட்டிக்கிட்டுப் போயிருவீங்க. வெலைக்கு வந்தவளுன்னு நான் எங்கிட்டுப் போறது?"

மறுநாள் பள்ளிவாசலுக்குப் போனேன். நிக்காஹ் பதிவேடான தப்தரை வைத்திருப்பவர் லெப்பை. விஷயத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமியாரக் கட்டலேன்னு சர்ட்டிபிகேட்டா? இத்தன வருஷத்துல இப்படி ஒரு மனு வந்ததில்லையே வாத்தியாரே!"

"எழுதிக் குடுங்க அசரத்து. சீலும் வச்சிருங்க."

"பெரிய மாமியையும் சேத்துக்கவா?"

"சேத்துக்கங்க."

தப்தரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. இருந்தும் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஆசாமிக்கு மேற்படி பெண்மணிகளோடு நிக்காஹ் எதுவும் நடக்கவில்லை என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார். லண்டனில் ஒருவன் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு, நான் ஜமாத்து முத்திரையோடு என்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கடிதம் பினாங்குக்குப் போயிற்று. அந்தப் பத்திரிகைக்கும் நான் நான்கு பக்கத்தில் என் சிறந்த இங்கிலீஷில் மறுப்பு எழுதினேன். அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதியது. நிறுத்தக்குறிகள் ஒவ்வொன்றும் கனவான்கள்போல நின்றன.

இரண்டு மாதம் பதிலே இல்லை. கொழுந்தியாள் தையல் மெஷினில் உட்காருவதை நிறுத்தினாள். நான்கு பெண்கள் இருந்த அந்த வீட்டில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை அங்கே எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளையின் வாப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மகனின் கடிதம். என்னிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார்.

போன நோன்பில் இதே பத்திரிகை பினாங்கில் தங்கள் பள்ளிவாசலையும் படம் எடுத்துப் போட்டதாம். வாசலில் வரிசையாக நிற்கும் ஆண்கள். மதப்போருக்குத் திரளும் கூட்டம் என்று கீழே எழுதியிருந்ததாம். 'அது நோன்புக்கஞ்சி வாங்க நாங்கள் நின்ற வரிசை. முன்னாலிருந்து ஆறாவது ஆள் நான். கையில் பாத்திரம் இருக்கிறது. என்னைப் போருக்கு அனுப்பியவன், வாத்தியாருக்கு நாலு பேரைக் கட்டிவைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஜமாத்துக் கடிதம் தேவையே இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம்.'

கடிதத்துக்குள் அந்தப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு இருந்தது. என் மறுப்பை அச்சிட்டிருந்தார்கள். நான்கு பக்கம் இரண்டு வரியாகியிருந்தது. மேலே 'கோபக்கார ஷேக்' என்று தலைப்பு.

மாமியாரின் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார், இரண்டு மாதத்தில் முதல்முறையாக. மாப்பிள்ளையின் வாப்பா கதவைப் பார்த்து, "என்னம்மா, சம்மதந்தானே?" என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து கொழுந்தியாளின் குரல் வந்தது.

"கையில பாத்திரம்னு எழுதியிருக்காங்களே மாமா, என்ன பாத்திரம்? தூக்குச்சட்டியா, சொம்பா?"

அவர் திகைத்துப்போய்க் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது எழுதலையேம்மா."

"கேட்டு எழுதச் சொல்லுங்க."

இரண்டு நாள் எங்கள் வீட்டில் இளநீர் குடித்த அந்த மனிதர் எங்களில் யாரைப் பற்றியும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கட்டுரை எழுதியிருக்க முடியாது. எங்களோடு சம்பந்தம்தான் பேசியிருப்பார்.

அடுத்த தபாலில் பதில் வந்தது. அலுமினியத் தூக்குச்சட்டி, மூடி தொலைந்துவிட்டது என்று. அன்று சாயங்காலமே மாமியார் நிக்காஹுக்கு நாள் குறித்தார். என்னைக் கேட்கவில்லை.