அரை டிக்கெட்டும் அமெரிக்க ஜனாதிபதியும்: திருவனந்தபுரத்தில் ஒரு சனிக்கிழமை

நீதிமன்றத்தில் கைதட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாது. அது மாணவர்கள் நடத்தும் மாதிரி நீதிமன்றம்தான், அங்கேயும் கூடாதாம். தட்டியதுதான் தட்டினேன், என் மகளுக்கு எதிராகப் பேசிய பெண்ணுக்குத் தட்டிவிட்டேன். மேடையில் இருந்த மூன்று நீதிபதிகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஹாலில் அறுபது எழுபது தலைகள் திரும்பின. அதில் ஒன்று என் மகள் நித்யாவின் தலை. முப்பத்திரண்டு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். சில்லறை இல்லை என்று கைவிரித்தபோதுகூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நித்யா திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறாள், நான்காம் வருடம். திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த வாதப் போட்டிக்கு அவளும் ஒரு தோழியும் வியாழக்கிழமையே போய்விட்டார்கள். வெள்ளி மாலை போன் வந்தது. "அப்பா, ஃபைனலுக்கு வந்துட்டோம். சீட்டு குலுக்கிப் போட்டதுல ஜனாதிபதி பக்கம் விழுந்திருக்கு. நீங்க வரணும்னா வாங்க. வந்தா பின்னால உக்காருங்க, பேசாதிய." பேசாதே என்றுதான் சொன்னாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வழக்கு அமெரிக்கா சம்பந்தப்பட்டது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று அந்த நாட்டு ஜனாதிபதி ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அரசியல் சட்டமோ, அங்கே பிறந்து அந்நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்கிறது. 'உட்பட்ட' என்பதற்கு அர்த்தம் சொல்லும் உரிமை ஜனாதிபதிக்கு உண்டா, அல்லது அது கோர்ட்டின் வேலையா? இதுதான் சண்டை. நான் போன சமயம் அங்கே உண்மையான வழக்கும் முடிந்திருக்கவில்லை.

என் மகன் அங்கேதான் இருக்கிறான், வேலை விசாவில். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு அவன் போன் செய்து, மருமகள் உண்டாகியிருப்பதாகச் சொன்னான். மூன்று மாதம் ஆகாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவன் சொன்ன காரணம் வேறு. "நித்யாட்ட இப்பச் சொல்லாதீங்கப்பா. ஜனாதிபதி பக்கம் விழுந்துட்டா அவ வாயே திறக்க மாட்டா." இப்போது மூன்று மாதம் தாண்டி ஊருக்கே தெரியும், அதனால் எழுதுகிறேன். அன்று எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஊர் நாகர்கோவில் சந்திப்பில் காலை 6.30க்குச் சாதாரண ரயில். எழுபது கிலோமீட்டர் சொச்சம், கட்டணம் இருபது ரூபாய். இரணியல் தாண்டியபோது ஜன்னலோரம் கிடைத்தது. வண்டி எல்லா ஊரிலும் நின்று நலம் விசாரித்துக்கொண்டு 8.35க்குத் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷன் எதிரே ஒரு சாயாவும் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும் இருபத்தேழு ரூபாய். அங்கிருந்து பழவங்காடிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. ஆட்டோ வேண்டாம், ஏறி உட்காரும் முன் இறங்க வேண்டியிருக்கும்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடுவது விசேஷம். நான் இரண்டு தேங்காய் வாங்கினேன். முதல் காய், நித்யா ஜெயிக்க வேண்டும் என்று. இரண்டாவது காய், அமெரிக்காவில் உண்மைக் கோர்ட்டில் அவள் சொல்லும் வாதம் தோற்க வேண்டும் என்று. இரண்டும் நன்றாகவே சிதறின. ஒரே ஆள் இரு கட்சிக்கும் வக்காலத்து கொடுத்தால் பிள்ளையார் என்ன செய்வார் பாவம்!

கல்லூரிக்கு ஐந்து கிலோமீட்டர், மீட்டர் போட்ட ஆட்டோ, எண்பத்திரண்டு ரூபாய். ஓட்டுநருக்குப் பூர்வீகம் வள்ளியூர், இங்கே வந்து முப்பது வருடமாம். "அண்ணாச்சி நாகர்கோவிலு தன்னே? பேச்சு கேட்டப்பளே மனசிலாச்சு" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அமெரிக்கா கேஸா? அது எங்க சாயக்கடையில டெய்லி விசாரணைக்கு வருது. ஒரு ஆளு ஒப்புப் போட்டா சட்டம் மாறிருமா அண்ணாச்சி? அப்ப கோர்ட்டு எதுக்கு, சீட்டுக்கட்டு வச்சுக் களிக்கவா?"

"என் மக அந்தக் கையெழுத்துக்குத்தான் வாதாடுதா."

கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "அய்யோ, நம்ம பிள்ளையா? அப்ப ஒப்பு ஜெயிக்கட்டு. குழப்பமில்லா."

கொள்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஃபைனல் 10.30க்குத் தொடங்கியது. எல்லாம் இங்கிலீஷ். நான் பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாம் முயற்சியில். கால் மணி நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று நித்யாவின் வாயிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று சொற்கள் வந்தன: கண்டக்டர், ஆஃப் டிக்கெட், செக்கிங் இன்ஸ்பெக்டர்.

அது நான் கொடுத்த உதாரணம். ஒரு மாதம் முன்பு அவள் அடுக்களையில் நின்று ஒத்திகை பார்த்தபோது, "பஸ்ஸுல உங்களுக்கு என்ன அதிகாரம்ப்பா?" என்று கேட்டாள். விசில் என் கையில், கட்டணப் பட்டியல் என் கையில் இல்லை என்றேன். ஆனால் ஒரு பிள்ளைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கோர்ட்டில் கேட்டுவர முடியாது. விதியை முதலில் நான்தான் வாசிக்க வேண்டும், தப்பாக வாசித்தால் இன்ஸ்பெக்டர் திருத்துவார் என்று அளந்தேன். அதைத்தான் இப்போது கறுப்புக் கோட்டு போட்டு நிறுத்தியிருந்தாள். முதல் வாசிப்பு ஜனாதிபதிக்கு, கடைசி வாசிப்பு நீதிமன்றத்துக்கு. நீதிபதிகள் எழுதிக்கொண்டார்கள். என் பேரப்பிள்ளைக்கு எதிரான வாதத்தைக் கட்டிக் கொடுத்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

எதிரணியில் கண்ணாடி போட்ட ஒரு மலையாளப் பெண் எழுந்தாள். "அந்தக் கண்டக்டர் பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டால், இன்ஸ்பெக்டர் வரும்வரை அது எங்கே நிற்கும்? அது பிறந்ததே அந்தப் பஸ்ஸில்தானே?" என்றாள். அந்த இங்கிலீஷ் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நித்யாவிடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. தூத்துக்குடி ரூட்டில் ஒரு மத்தியானம், பிள்ளைக்கு முழு டிக்கெட் எடு, இல்லை இறங்கு என்று நான் சொன்னதும், ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அந்த ஸ்டாப்பில் நிழல் கிடையாது. வண்டி நகர்ந்தபோது அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. இன்ஸ்பெக்டர் அன்று வரவேயில்லை. என் கை தானாகத் தட்டியது.

நான் தட்டியதில் நித்யா கொஞ்சம் ஆடிப்போனாள். நடுவிலிருந்த நீதிபதி, தலை முழுக்க நரைத்தவர், "இன்றைய கண்டக்டர் ஒரு மாதிரி வாசிக்கிறார். நாளைக்கு வருபவர் வேறு மாதிரி வாசித்தால்?" என்று கேட்டார். அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு நிதானமாக, "அதனால்தான் மை லார்ட், இன்ஸ்பெக்டர் சீக்கிரம் வர வேண்டும் என்று என் கட்சிக்காரரும் கேட்கிறார்" என்றாள். ஹாலே சிரித்தது. கைதட்டவில்லை, அவர்களுக்குச் சட்டம் தெரியும்.

ஜெயித்தாள். எந்தப் பக்கம் சரி என்பதற்கு மார்க் இல்லை, யார் நன்றாக வாதாடினார் என்பதற்குத்தான் மார்க் என்று நீதிபதி விளக்கினார். எனக்கு அது பெரிய ஆறுதல். முதல் தேங்காய் வேலை செய்துவிட்டது, இரண்டாவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

பிள்ளைகளின் போட்டிக்கு இப்படிப் போகிறவர்களுக்குச் சில விஷயம். சாப்பாட்டு இடைவேளை 1.30க்குத்தான், பையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். பத்மநாபசுவாமி கோயிலுக்கும் போவதென்றால் வேட்டி அவசியம். விழிஞ்ஞம் துறைமுகத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று என்னைப் போல் திட்டம் போடாதீர்கள், நடக்காது. சனி மாலை வண்டியில் கூட்டம் நெரியும், அரை மணி முன்பே பிளாட்பாரத்தில் நில்லுங்கள். கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

திரும்பும் வண்டி 5.40க்கு. நித்யா கோப்பையை மடியில் வைத்து, அதற்குள்ளேயே நேந்திரங்காய் சிப்ஸைக் கொட்டித் தின்றுகொண்டு வந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டியதும் கேட்டாள்.

"அவளுக்கு எதுக்குப்பா கைதட்டுனிய?"

"கொசு அடிச்சேன், மக்ளே."

"ஏசி ஹால்ல கொசுவா? உண்மையச் சொல்லுங்க."

"அந்தப் பிள்ள சொன்னது சரின்னு பட்டுது."

கோபிப்பாள் என்று நினைத்தேன். சிப்ஸைக் கடித்தபடி வெளியே பார்த்தாள். "எனக்கும் பட்டுதுப்பா. ஆனா இது கேஸ் தாளுல உள்ள பிள்ளதானே. பேருகூட கிடையாது, 'குழந்தை ஏ'ன்னு போட்டிருக்கு. நெசமா ஒரு பிள்ள இருந்திருந்தா எனக்குப் பேச்சே வந்திருக்காது."

வண்டி பாறசாலையில் நின்றது. "சிப்ஸ எனக்கும் தா" என்று கை நீட்டினேன்.

அந்தப் பிள்ளை இருக்கிறது மக்ளே, அதற்கு முதலில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அத்தை நீதான் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.